அமெரிக்க மளிகைக் கடையில் கூப்பன்: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவுக்குக் குடிவந்த முதல் மாதத்திலேயே வீட்டுத் தபால் பெட்டியில் வழவழப்பான வண்ணத் தாள்கள் கற்றையாக வந்து விழத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளை வாங்கினால் அதன் நடுவிலும் அவை செருகப்பட்டிருக்கும். சோப்பு, பல்பசை, காலை உணவுக்கான சீரியல், குழந்தைக்கு டயப்பர் என்று ஒவ்வொன்றின் படத்தையும் போட்டு, அதன் அருகில் 50 சென்ட், 1 டாலர், 3 டாலர் என்று தள்ளுபடியை அச்சிட்டு, சுற்றிலும் வெட்டுவதற்கான புள்ளிக்கோடு போட்டிருப்பார்கள். ஆடித் தள்ளுபடியைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தள்ளுபடி புதிதில்லை. ஆனால் ஆடியில் கடைக்குள் நுழையும் எல்லோருக்கும் ஒரே விலைதான். கூப்பனிலோ, அதை வெட்டிப் பத்திரப்படுத்தி, உரிய நாளில் உரிய பொருளோடு கொண்டுவந்து நீட்டுபவருக்கு மட்டும் விலை குறைகிறது. அதனாலேயே அதைச் சுற்றி எழுதிய விதிகளும் எழுதாத மரியாதைகளும் நிறைய உண்டு.

நான் பல ஆண்டுகளாக இங்கே வாராவாரம் கூப்பனோடு கடைக்குப் போகிறேன். எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்களை முதன்முறை கடைக்கு அழைத்துச் செல்வதும் என் வழக்கம். அவர்களில் எவரும் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துத் தவறு செய்ததை நான் பார்த்ததில்லை. அந்தச் சிறு காகிதத்தின் பின்னால் யாருடைய பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்பது தெரியாததால்தான் தவறுகிறார்கள். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதற்படி: பணம் தருவது யார் என்று பாருங்கள்

கூப்பனில் இரண்டு வகை உண்டு. தலைப்பில் 'மேனுஃபாக்சரர்ஸ் கூப்பன்' என்று இருந்தால் அது பொருளைத் தயாரிக்கும் நிறுவனம் வெளியிட்டது. கடையின் பெயரும் சின்னமும் மட்டும் இருந்தால், 'ஸ்டோர் கூப்பன்' என்று குறித்திருந்தால், அது கடை தன் கைக்காசிலிருந்து தரும் தள்ளுபடி.

தயாரிப்பாளர் கூப்பன் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய நம் செட்டிநாட்டு உண்டியலைப் போன்றது. ஓர் ஊரில் எழுதிய உண்டியலை வேறோர் ஊரில் ஒருவர் நம்பிப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு எழுதியவரிடம் வசூலித்துக்கொள்வார் அல்லவா? இங்கும் கடை உங்களிடம் 1 டாலரைக் குறைத்து வாங்கிக்கொண்டு, நீங்கள் கொடுத்த சீட்டை மற்றச் சீட்டுகளோடு சேர்த்துக் கணக்குத் தீர்க்கும் நிறுவனத்துக்கு அனுப்புகிறது. தயாரிப்பாளர் அந்த 1 டாலரையும், கையாளும் கூலியாகப் பெரும்பாலும் 8 சென்ட்டையும் கடைக்குத் தருகிறார். கூப்பனின் அடியில் பொடி எழுத்தில் 'ரீட்டெய்லர்' என்று தொடங்கும் பத்தியை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். இந்த ஏற்பாடு அங்கேயே எழுதியிருக்கும். கூடவே ஒரு நிபந்தனையும் இருக்கும்: கூப்பனில் சொன்ன பொருளுக்கு, சொன்ன விதப்படி ஏற்றுக்கொண்டால்தான் பணம். இல்லையென்றால் கடைக்கு ஒன்றும் வராது.

இந்த நிபந்தனையில்தான் நியாயத்தின் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. தவறான பொருளுக்கு ஒரு கூப்பனைக் கொடுத்து, கேஷியர் கவனிக்காமல் வாங்கிக்கொண்டால், பெரிய தயாரிப்பு நிறுவனம் அந்த நட்டத்தைத் தாங்கிக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நட்டம் கடையின் தலையில்தான் விழுகிறது. மளிகைக் கடைகளின் நிகர லாபம் பொதுவாக நூற்றுக்கு 1 முதல் 3 டாலர்தான். 2 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு 2 டாலர் கூப்பன் திரும்பி வந்துவிட்டால், 100 டாலருக்குச் சரக்கு விற்றுச் சம்பாதித்தது முழுவதும் அதோடு போய்விடும். அது உங்கள் தெரு முனையில் ஒரு குடும்பம் நடத்தும் சிறு கடையாக இருந்தால் அந்த இழப்பு எப்படியிருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாம் படி: கூப்பனை எழுத்தெண்ணிப் படியுங்கள்

இப்போது என் மேசை மேல் இருக்கும் ஒரு சீரியல் கூப்பனை உங்களுக்குக் காட்டுவதுபோலவே விவரிக்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் அளவு. இடது பக்கம் தேனும் பாதாமும் கலந்த ரகத்தின் பெரிய பெட்டிப் படம். மேலே 'சேவ் 1 டாலர்' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் 'ஆன் எனி டூ', அதாவது ஏதேனும் இரண்டு பெட்டி. அதற்கும் கீழே '10.8 அவுன்ஸ் அல்லது அதற்கு மேல்'. வலது மூலையில் காலாவதித் தேதி. அடியில் பார்கோடு. அதன் பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல நான்கு வரி.

கொட்டை எழுத்தை மட்டும் படிப்பவர் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு போய் 1 டாலர் குறையும் என்று நிற்பார். குறையாது, இரண்டு பெட்டி வாங்கினால்தான் மொத்தத்தில் 1 டாலர். படத்தை நம்பிப் பெரிய பெட்டியைத்தான் வாங்க வேண்டும் என்று நினைப்பவரும் உண்டு. அதுவும் தேவையில்லை. படத்தில் பெரும்பாலும் விலை கூடிய ரகத்தையே போடுவார்கள். எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. 'எனி' என்று எழுதியிருந்தால், அளவு பொருந்தும்வரை அந்தப் பெயரில் வரும் எந்த ரகத்தையும் எடுக்கலாம். மாறாக, குறிப்பிட்ட ஒரு ரகத்தைப் பெயர் சொல்லி எழுதியிருந்தால் அதைத் தவிர வேறெதுவும் ஆகாது. பல கூப்பன்களில் பயணத்துக்கான சிறு பொட்டலங்களை விலக்கியிருப்பார்கள். 1 அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 28 கிராம். பெட்டியில் இரண்டு அளவும் அச்சிட்டிருப்பதால் ஒப்பிடுவது எளிது.

தேதியில் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். இந்நாட்டில் மாதம் முதலில், நாள் பிறகு. வந்த புதிதில் 04/06 என்றிருந்த ஒரு டயப்பர் கூப்பனை நான் ஜூன் 4 என்று எண்ணி, மே மாதம் முழுவதும் பத்திரமாக வைத்திருந்து, மாத இறுதியில் கவுன்ட்டரில் நீட்டினேன். அது ஏப்ரல் 6-ஆம் தேதியே முடிந்திருந்தது. எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். கேஷியர் பெண்மணி தேதியை விரலால் தொட்டுக் காட்டியபோது, நான் அதை மறுத்து வாதாடவும் செய்தேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அச்சிட்ட தேதியன்று கடை மூடும்வரை கூப்பன் செல்லும். மறுநாள் காலை செல்லாது.

எண்ணிக்கை பற்றிய சொற்கள்தான் இருப்பதிலேயே குழப்பமானவை. 'ஒன் பெர் பர்ச்சேஸ்' என்றால் வாங்கும் பொருள் ஒன்றுக்கு ஒரு கூப்பன் என்று பொருள். ஐந்து பொருள் வாங்கினால் ஐந்து கூப்பன் கொடுக்கலாம். 'ஒன் பெர் ட்ரான்சாக்ஷன்' என்றால் பில் ஒன்றுக்கு ஒன்று மட்டும். 'ஒன் பெர் கஸ்டமர்', 'ஒன் பெர் ஹவுஸ்ஹோல்ட்' என்றால் ஆளுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. ரேஷன் கடையில் அட்டைக்கு இவ்வளவுதான் என்று ஏற்றுக்கொண்ட நமக்கு இது விளங்காத கணக்கில்லை. கணவன், மனைவி, பெரியவர்கள் என்று நால்வர் தனித்தனி வரிசையில் நின்று வீட்டுக்கு ஒன்றான கூப்பனை நான்காக்கும் வழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். இயந்திரம் அதைப் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் எழுதியிருப்பது 'வீட்டுக்கு ஒன்று' என்பதும் அதே அளவு உண்மை.

பார்கோடு பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு கூப்பனில் இருந்த பழைய கோடு பொருளின் குடும்பத்தை மட்டும் தோராயமாகச் சரிபார்த்தது. அதைப் பயன்படுத்தி, மலிவான வேறொரு பொருளுக்கு விலை கூடிய பொருளின் கூப்பனைச் செலுத்தும் வித்தையைச் சிலர் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். 2011 வாக்கில் அதிக விவரம் தாங்கும் புதிய கோடு முழுமையாக வந்தபின் அது பெரிதும் அடைபட்டது. இன்றும் எங்காவது ஓர் ஓட்டை இருக்கலாம். இயந்திரம் 'பீப்' என்று ஏற்றுக்கொண்டது என்பதற்காக, எழுத்துக்கு மாறான பயன்பாடு சரியாகிவிடாது. பொடி எழுத்தில் 'கேஷ் வேல்யூ 1/100 சென்ட்' என்று இருப்பதைக் கண்டு குழம்பவும் வேண்டாம். சில மாநிலங்களின் பழைய சட்டங்களுக்காக எழுதப்படும் வரி அது.

மூன்றாம் படி: அளவோடு சேகரியுங்கள்

செய்தித்தாள் இணைப்பும் தபாலில் வருவதும் போக, கடைக்குள்ளேயே கூப்பன் கிடைக்கும். அலமாரி ஓரத்தில் சிறு சிவப்பு விளக்கு மினுங்க ஒரு பெட்டி நீட்டிக்கொண்டிருந்து ஒவ்வொன்றாகத் துப்பும். காலண்டர் தாளைப்போலக் கிழித்தெடுக்கும் அட்டைகள் தொங்கும். பாட்டிலின் மேலேயே சில கூப்பன்கள் ஒட்டியிருக்கும். பில் போட்டு முடித்ததும் ரசீதோடு சேர்ந்து நீளமாக ஒரு தாள் அச்சாகி வருவதும் உண்டு. அது அடுத்த முறைக்கானது, சில வாரங்களில் காலாவதியாகிவிடும்.

இவற்றில் விளக்குப் பெட்டியிலிருந்தும் அட்டையிலிருந்தும் உங்களுக்குத் தேவையான ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். கற்றையாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போகிறவர் வீட்டில் அதில் முக்கால் பங்கு காலாவதியாகிக் குப்பைக்குப் போகும். மாலையில் வேலை முடிந்து வரும் ஒருவர் வெறும் அட்டையைப் பார்த்துவிட்டு முழு விலை கொடுப்பார். பாட்டிலில் ஒட்டியிருப்பது அந்தப் பாட்டிலை வாங்குபவருக்கு உரியது. பாட்டிலை வைத்துவிட்டுச் சீட்டை மட்டும் உரித்துக்கொண்டு போவது, பூச்சரத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டு மல்லிகையை மட்டும் உருவிக்கொண்டு போவதுபோல. மிஞ்சிய பசைத் தடத்தைப் பார்த்தாலே அங்கே ஒன்று இருந்தது அடுத்தவருக்குத் தெரியும்.

பிறர் வீட்டு வாசலில் கிடக்கும் செய்தித்தாளிலிருந்தோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுத் தபால் மேசையிலிருந்தோ கேட்காமல் எடுக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு கொடுத்துவிடுவார்கள்.

இணையத்திலிருந்து அச்சிடும் கூப்பன்களில் ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண் உண்டு. ஒன்றை அச்சிட்டு நகல் எடுத்தால் அது கள்ளக் கூப்பன். இரண்டாவது நகலுக்குக் கடைக்குப் பணம் கிடைக்காது. காசு கொடுத்துக் கூப்பன் வாங்குவதையும் தவிர்த்துவிடுங்கள். விற்றால் செல்லாது என்று பெரும்பாலான கூப்பன்களில் எழுதியே இருக்கும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் 'முற்றிலும் இலவசம்' கூப்பன் படங்கள் அநேகமாகப் போலியானவை. அது விளையாட்டுக் காரியம் இல்லை. வர்ஜீனியா பீச் நகரில் வீட்டிலிருந்தபடியே கணினியில் போலிக் கூப்பன் தயாரித்துப் பலருக்கு விற்ற ஒரு பெண்ணுக்கு, 3 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்படுத்தியதாக 2021-ல் கூட்டரசு நீதிமன்றம் 12 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. விசாவில் இருக்கும் நமக்குச் சிறு வழக்கே போதும், வாழ்க்கை தடம் புரண்டுவிட. போலிக் கூப்பன்களின் பட்டியலைக் கூப்பன் இன்ஃபர்மேஷன் கார்ப்பரேஷன் என்ற அமைப்பு வெளியிடுகிறது; சந்தேகம் வந்தால் அதில் பார்த்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: கடையின் விதியை முன்கூட்டியே அறியுங்கள்

ஒவ்வொரு சங்கிலிக் கடைக்கும் தனக்கென ஒரு கூப்பன் விதி உண்டு. அதன் இணையதளத்தில் 'கூப்பன் பாலிசி' என்ற பெயரில் ஓரிரு பக்கங்களில் இருக்கும். ஆல்டி தயாரிப்பாளர் கூப்பனை ஏற்பதில்லை. காஸ்ட்கோவும் தன் சொந்தத் தள்ளுபடியைத் தவிர மற்றவற்றை ஏற்காது. டார்கெட் போன்ற கடைகளில் ஒரே பொருளுக்கு ஒரு தயாரிப்பாளர் கூப்பனையும் ஒரு கடைக் கூப்பனையும் சேர்த்துக் கொடுக்கலாம்; இரண்டுக்கும் பணம் தருபவர்கள் வெவ்வேறு என்பதால் அது முறைதான். ஆனால் ஒரே பொருளுக்கு இரண்டு தயாரிப்பாளர் கூப்பன் எங்கும் கூடாது.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற விற்பனையில் எத்தனை கூப்பன் ஏற்பார்கள், கூப்பனின் மதிப்பு பொருளின் விலையைவிடக் கூடினால் மிச்சத்தை என்ன செய்வார்கள் என்பவை கடைக்குக் கடை மாறும். பக்கத்து ஊர்க் கடையில் அப்படிக் கொடுத்தார்களே என்று இந்தக் கடையில் கேட்பது பயன் தராது. கோயம்பேட்டில் பேரம் பேசினால் விலை குறைக்கும் அதிகாரம் எதிரே நிற்பவருக்கு உண்டு. இங்கே கவுன்ட்டரில் நிற்கும் கேஷியருக்கு ஒரு சென்ட்டைக்கூடத் தன் விருப்பத்துக்குக் குறைக்கும் உரிமை கிடையாது.

விற்பனை வரி பற்றியும் தெரிந்துகொண்டால் வீண் சச்சரவு மிச்சம். கலிபோர்னியா போன்ற பல மாநிலங்களில் தயாரிப்பாளர் கூப்பனுக்கு முன்னுள்ள முழு விலைக்கே வரி போடுவார்கள். 4 டாலர் பல்பசைக்கு 1 டாலர் கூப்பன் கொடுத்தாலும் வரி 4 டாலருக்குத்தான். கடைக்கு அந்த 1 டாலர் வேறு கையிலிருந்து வந்து சேர்ந்துவிடுகிறது என்பது காரணம். கடைக் கூப்பனானால் குறைந்த விலைக்கு வரி. கேஷியர் கணக்கில் தவறிவிட்டார் என்று இதை வைத்துச் சண்டையிட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஐந்தாம் படி: அலமாரியில் மற்றவர்களுக்கும் விட்டு வையுங்கள்

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

ஒருமுறை சீரியல் பெட்டிகள் நல்ல விலைக்கு வந்தபோது, என்னிடம் ஆறு கூப்பன் இருந்தது. பன்னிரண்டு பெட்டிகளை வண்டியில் அடுக்கினேன். 18 அவுன்ஸ் பெட்டிகள் அத்தனையும் தீர்ந்துவிட்டன. அடுத்த வரிசையில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தபோது, இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம் தாய் அந்த அலமாரி முன் வந்து நின்றார். கையில் ஒரு பட்டியல். விலைச்சீட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த சிறு குறியைத் தொட்டுப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், மீண்டும் காலியான இடத்தைப் பார்த்தார். பக்கத்திலேயே அதே சீரியல் வேறு அளவுகளில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. எனக்கு விளங்கவில்லை, இது இருக்கிறதே என்று காட்டினேன். 'இந்த அளவு என் கார்டில் ஏறாது' என்றார்.

அந்தக் கார்டுக்கு விக் என்று பெயர். கர்ப்பிணிகள், பிள்ளை பெற்ற தாய்மார்கள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோரில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு தரும் சத்துணவு உதவி அது. அதில் கையில் பணமாக எதுவும் இருக்காது. மாநிலம் ஒப்புதல் தந்த பொருள்களை, ஒப்புதல் தந்த அளவுகளில் மட்டுமே வாங்க முடியும். சீரியலுக்கு மாதம் 36 அவுன்ஸ் என்று வரையறை. 18 அவுன்ஸ் பெட்டி இரண்டு எடுத்தால் கணக்குச் சரியாகிவிடும்; அவர் தேடியது அதைத்தான். அந்த இரண்டும் என் வண்டியில் இருந்தன. நான் நான்கு பெட்டிகளை எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிப் போனார். மிச்சத்தையும் சேர்த்து எட்டுப் பெட்டிகளை அலமாரியில் திரும்ப அடுக்கிவிட்டுத்தான் நான் நகர்ந்தேன்.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறை இது. விலைச்சீட்டில் விக் குறி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இருந்தால் இரண்டுக்கு மேல் எடுப்பதில்லை. அதிலும் குழந்தைகளின் பால்மாவு என்றால் எனக்குத் தேவையில்லாதபோது தொடுவதே இல்லை. குறியில்லாத பொருளில் அலமாரியில் இருப்பதில் பாதிக்கு மேல் எடுக்க மாட்டேன். உண்மையிலேயே அதிக எண்ணிக்கை வேண்டுமானால், பிறந்தநாள் விழாவுக்கோ கோயில் அன்னதானத்துக்கோ, கடையின் மேலாளரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். பல கடைகள் தனியாக வரவழைத்துத் தருகின்றன, அலமாரியும் காலியாகாது.

நீங்கள் போகும்போது விற்பனைப் பொருள் தீர்ந்திருந்தால், வாடிக்கையாளர் சேவை மேசையில் 'ரெயின் செக்' கேளுங்கள். மழையால் நின்றுபோன பேஸ்பால் ஆட்டத்துக்கு வேறொரு நாள் வர அனுமதிச் சீட்டு கொடுத்த வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. சரக்கு வந்தபின் அதே விற்பனை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். தரும் கடைகளில் அதை வாங்கி வைத்துக்கொள்வது, கிடைத்த அன்று பத்தாக அள்ளும் ஆசையையும் தணிக்கும்.

ஆறாம் படி: கவுன்ட்டரில் நடந்துகொள்ளும் முறை

கடைக்குப் புறப்படும் முன் வீட்டிலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். வாங்கப் போகும் பொருளுக்கான கூப்பன்களை மட்டும் ஓர் உறையில் போட்டு, பொருளை வண்டியில் வைக்கும்போதே அதற்குரிய கூப்பனை உறையின் முன்பக்கத்துக்கு மாற்றுங்கள். அளவு பொருந்துகிறதா, எண்ணிக்கை சரியா, தேதி தாண்டவில்லையா என்பதை அங்கேயே, அலமாரியின் முன்னே பார்த்துவிட்டால் கவுன்ட்டரில் தேட வேண்டியிருக்காது.

வேலை முடிந்து எல்லோரும் வரும் மாலை 5 முதல் 7 மணி வரையும், ஞாயிறு பிற்பகலும் நிறையக் கூப்பனோடு போகும் நேரமல்ல. வார நாளின் காலையோ இரவு 8 மணிக்கு மேலோ போனால் கேஷியருக்கும் அவகாசம் இருக்கும். குறைந்த பொருள் வாங்குவோருக்கான விரைவு வரிசையில் பத்துக் கூப்பனோடு நிற்காதீர்கள். தானே பில் போடும் இயந்திரத்திலும் கூப்பன் அதிகமானால் விளக்கு எரிந்து எரிந்து உதவியாளர் ஓடிவர வேண்டியிருக்கும். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை.

பொருள்களை மேசையில் வைக்கும்போதே, 'என்னிடம் எட்டுக் கூப்பன் இருக்கிறது, எப்போது தரட்டும்?' என்று கேளுங்கள். சிலர் முதலிலேயே வாங்கிக்கொள்வார்கள், சிலர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தபின் கேட்பார்கள். எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால் ஏதாவது விடுபட்டதா என்று அவரும் பார்த்துக்கொள்வார். பின்னால் ஒருவர் கையில் பாலும் ரொட்டியுமாக மட்டும் நின்றால் அவரை முன்னே போகச் சொல்லுங்கள். வண்டி நிறையச் சாமானோடு நிற்பவரானால், உங்களுக்குச் சற்று நேரமாகும் என்று திரும்பிச் சொல்லிவிட்டால் போதும். அவர் வேறு வரிசைக்குப் போவதா, நிற்பதா என்று முடிவு செய்துகொள்வார். தமிழில் நமக்குள் பேசிக்கொண்டே நின்றுவிடாமல், ஒரு புன்னகையோடு இரண்டு ஆங்கில வார்த்தை சொல்வது அந்த வரிசையின் பொறுமையை நீட்டிவிடும்.

ஒரு கூப்பன் ஏறவில்லையென்றால் என்ன செய்வது? முதலில் கூப்பனை நீங்களே ஒருமுறை படியுங்கள். பிழை உங்களுடையது என்றால் திரும்ப வாங்கிக்கொண்டு, அந்தப் பொருள் வேண்டாமென்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மிட்டாய் அடுக்கின் மேல் நைசாக வைத்துவிட்டுப் போகாதீர்கள். பொருளும் தேதியும் சரியாகவே இருந்தால், கூப்பனையும் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த வரியைக் காட்டுங்கள். அதற்கும் அவர் முடியாது என்றால், குரலை உயர்த்தாமல் மேலாளரைக் கேட்கலாம். அல்லது பில் முடித்துக்கொண்டு சேவை மேசையில் பேசலாம். நான் எப்போதும் இரண்டாவதைச் செய்கிறேன். வரிசை நகரும், என் வாதத்தையும் நிதானமாகச் சொல்ல முடியும்.

தவறு உங்களுக்குச் சாதகமாகவும் நடக்கும். ஒரே கூப்பனைக் கேஷியர் இருமுறை ஸ்கேன் செய்துவிட்டால் சொல்லிவிடுங்கள். அன்றைய கணக்கு முடிக்கும்போது கையில் இருக்கும் காகிதத்துக்கும் பில்லில் இருக்கும் தொகைக்கும் வித்தியாசம் வந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

உங்களுக்கு முன்னே நிற்பவர் அரசின் உணவு உதவி அட்டையில் பணம் செலுத்திக்கொண்டே கூப்பனும் கொடுத்தால் முகம் சுளிக்காதீர்கள். அவர்களை மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே நடத்த வேண்டும் என்பது கூட்டரசின் விதி. கூப்பனும் அதில் சேரும். வந்த புதிதில் மெல்லிய குரலில் தமிழில் பேசிக்கொள்ளும் விமர்சனங்களும் முகத்தில் தெரிந்துவிடும்.

ஏழாம் படி: செல்பேசிக் கூப்பன்

காகிதம் குறைந்து, கடையின் செயலியில் 'கிளிப்' என்பதைத் தொட்டுச் சேமிக்கும் கூப்பன்களே இப்போது பெருகிவிட்டன. கவுன்ட்டரில் உங்கள் தொலைபேசி எண்ணை அழுத்தினால் தானாகவே கழிந்துவிடும். வரிசையில் நிற்கும்போது கிளிப் செய்யத் தொடங்காமல், வீட்டிலேயே செய்துவிட்டுப் போங்கள். பல கடைகளுக்குள் இணைப்பு சரியாகக் கிடைக்காது. ஒரே தள்ளுபடியைப் பலமுறை பெற நாலைந்து மின்னஞ்சலில் கணக்குத் தொடங்குவது, 'வீட்டுக்கு ஒன்று' கூப்பனை நான்காக்குவதற்குச் சமம். ரசீதைப் படம்பிடித்து அனுப்பினால் பணம் தரும் ஐபோட்டா போன்ற செயலிகளில் உங்கள் சொந்த ரசீதை மட்டும் பயன்படுத்துங்கள். வண்டியில் கிடக்கும் பிறர் ரசீது உங்களுடையதல்ல.

இந்த மாற்றத்தால் அதிகம் தவித்துப்போவது முதியவர்கள்தான். அலமாரியில் மஞ்சள் சீட்டில் 2.99 என்று பெரிதாகப் போட்டு, கீழே சிறிதாக 'டிஜிட்டல் கூப்பனுடன்' என்று எழுதியிருப்பார்கள். செயலி இல்லாதவருக்கு விலை 4.99. சான் டியாகோ நகர மன்றம் 2025-ல் இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்து, செயலியில் தரும் தள்ளுபடியைக் காகித வடிவிலும் கடைகள் தர வேண்டும் என்றது. உங்கள் ஊரில் அப்படியொரு விதி இல்லாவிட்டாலும், சேவை மேசையில் கேட்டால் பல கடைகளில் அந்த விலையைப் போட்டுத் தருவார்கள். ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அம்மா அப்பா தனியே கடைக்குப் போனால் இதை அவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். அலமாரி முன் சீட்டைப் பார்த்துத் தயங்கி நிற்கும் முதியவர் எவரைக் கண்டாலும், சேவை மேசை எங்கே என்று காட்டிவிடுங்கள்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

ரசீதை அன்றே சரிபாருங்கள். விடுபட்ட கூப்பன் இருந்தால் அடுத்த நாளே ரசீதோடு போவது நல்லது; கூப்பன் போட்டு வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால், நீங்கள் கையிலிருந்து கொடுத்த தொகையை மட்டும் எதிர்பாருங்கள். மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய பல்பசையும் சோப்பும் அலமாரியில் தேங்கினால், காலாவதியாகும்வரை வைத்திருக்காமல் ஊரிலுள்ள உணவு வங்கிக்குக் கொடுத்துவிடுங்கள். உணவு உதவி அட்டையில் சோப்பும் டயப்பரும் வாங்க முடியாது. அதனால் உணவு வங்கிகளில் அவற்றுக்குத் தேவை அதிகம்.

பயன்படுத்தாத கூப்பன்களில் தேதி இருப்பவற்றை, அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்தப் பொருளின் பக்கத்தில் அலமாரி ஓரத்தில் வைத்துவிட்டு வரலாம். இங்கே பலரும் அப்படிச் செய்கிறார்கள், எனக்கும் பலமுறை அப்படிக் கிடைத்திருக்கிறது. தேதி தாண்டியவற்றுக்கும் ஒரு வழி உண்டு. ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா போன்ற நாடுகளில் அமெரிக்கப் படைத்தளங்களுக்குள் இருக்கும் மளிகைக் கடைகள், காலாவதியாகி ஆறு மாதம் வரையுள்ள தயாரிப்பாளர் கூப்பன்களை ஏற்றுக்கொள்கின்றன. அங்கே வாழும் படைவீரர் குடும்பங்களுக்கு அவற்றைத் திரட்டி அனுப்பும் தன்னார்வக் குழுக்கள் பல ஊர்களில் உள்ளன. உங்கள் ஊர் நூலகத்தில் கேட்டால் யார் சேகரிக்கிறார்கள் என்று சொல்லக்கூடும். உணவுப் பொருள்களை ஓர் உறையிலும் மற்றவற்றை இன்னோர் உறையிலும் பிரித்துப் போடுங்கள். தபால் போய்ச் சேரவும் அங்குள்ளோர் பயன்படுத்தவும் காலம் வேண்டுமென்பதால், தேதி முடிந்து இரண்டு மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். கடைக் கூப்பன்களை அதில் சேர்க்க வேண்டாம், அவை அங்கே செல்லாது.